பள்ளத்தில் நின்ற பனி

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. இந்தப் பையை மடியிலயே வச்சுக்கிறேன். மேல போட்டா வளைவுல உருண்டு எவன் தலையிலயாச்சும் விழும். போன தடவை அப்படித்தான் என் பூசணிக்கா ஒருத்தர் தோள்ல விழுந்து, கண்டக்டரு என்னை நடுவழியில எறக்கிவிடப் பாத்தாரு. பூசணிக்கா விழுந்ததுக்கு நானா பொறுப்பு? வண்டியை ஒழுங்கா வளைக்கத் தெரியல, பூசணிக்காயைக் குத்தம் சொல்றாக.

நீ வத்தலக்குண்டா? நான் திண்டுக்கல்லு. மக வீட்டுக்கு. விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மாதான். சும்மா போறவ இம்புட்டுத் துணியை அமுக்கிக் கட்டிக்கிட்டுப் போவாளான்னு பாக்குறியா? கோவிச்சுக்கிட்டுப் போறேன். சொல்றதுல என்ன வெக்கம். கல்யாணமான புதுசுலகூட நான் கோவிச்சுக்கிட்டுப் போனதில்ல. இப்ப முடி நரைச்சப்பறம் போறேன், அதுவும் ஆத்தா வீட்டுக்கு இல்ல, மக வீட்டுக்கு. நீ படிச்ச பிள்ளையாத் தெரியுது. முழுசாக் கேட்டுட்டு நாயத்தை நீயே சொல்லு. எம்மேல தப்பு இருந்தா அடுத்த நிறுத்தத்துலயே எறங்கித் திரும்பிப் போயிர்றேன்.

நாவப்பள்ளம் தெரியுமா? நான் ஏறுனேன்ல, அதான். மலை ரெண்டு பக்கமும் எறங்கி வந்து சேர்ற எடத்துல ஒரு குழி மாதிரி இருக்கும் எங்க ஊரு. அங்க எங்க மாமனாரு தோட்டம். அவரு போனப்பறம் ரெண்டு பங்காச்சு. எங்க வீட்டுக்காரரு மூத்தவரு, கனகவேலு இளையவன், எனக்குக் கொழுந்தன். எங்க பக்கத்து வழக்கம் என்னன்னா, மூத்தவன் பங்கைப் பிரிச்சு வைக்கணும், இளையவன் மொதல்ல எடுக்கணும். அப்பத்தான் பிரிக்கிறவன் ஓரவஞ்சனை பண்ணமாட்டான். எங்க வீட்டுக்காரரு கீழத்தோட்டம் ஒண்ணு, மேலத்தோட்டம் ஒண்ணுன்னு வச்சாரு. கீழ நல்ல கருத்த மண்ணு, கெணறு, தார்ரோடு பக்கம். மேல முழுக்கக் கல்லு, தண்ணி எட்டாது. கனகு என்ன பண்ணான் தெரியுமா? ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, 'எனக்கு மேலத்தோட்டம்'னு சொல்லிட்டுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டான்.

அன்னைக்கு நான் என்ன நெனச்சேன்? பாவம், வெவரம் பத்தாத பய, கல்லைப் போயி எடுத்துக்கிட்டானேன்னு நெனச்சேன். சத்தியமா பரிதாபப்பட்டேன். இப்பத்தான தெரியுது அவன் எம்புட்டு வெவரம்னு. என்னைக்கோ ஒரு நாளு பள்ளத்துல பனி விழுகும், மேல விழாதுன்னு கணக்குப் போட்டுத்தான் எடுத்திருக்கான். இல்லைன்னா நல்ல மண்ணை எவனாச்சும் விடுவானா? நீ விடுவியா?

சரி, அதை அப்பறம் சொல்றேன். எங்க தோட்டத்துல என்னென்ன வச்சிருந்தோம்ங்கற. மலைவாழை, கொய்யா, அப்பறம் வெண்ணெய்ப்பழம். அதான் தாயி, பட்டர் புரூட்டு. அந்த மரமெல்லாம் காய்ப்புக்கு வந்து இது மூணாவது வருசம். கெணத்தடியில ஒண்ணு நிக்குது, அது மட்டும் நான் கொட்டை போட்டு முளைக்க வச்சது. டப்பாவுல தண்ணி ஊத்தி, அதுல கொட்டையை நிறுத்தி வச்சு, வேரு விட்டப்பறம் எங்கையால நட்டது. மத்ததெல்லாம் நர்சரிக் கன்னு. நர்சரிக் கன்னுக்கும் அதுக்கும் நான் வித்தியாசம் பாக்குறதில்ல, எல்லாத்தையும் ஒண்ணாத்தான் பாப்பேன். ஆனா காயி அதுல பெருசு.

இப்ப பாதை விசயத்துக்கு வர்றேன். மேலத்தோட்டத்துக்காரக ரோட்டுக்கு வரணும்னா எங்க தோட்டம் வழியா எறங்கி வரணும். எங்க கீழ்வரப்பு நெடுக மூங்கிப்புதரு, ஒரு கோழி நுழைய எடமிருக்காது. அந்தப் பாதை வந்து ரோட்டைத் தொடுற எடத்துல மட்டும் ரெண்டாளு போற அளவுக்குத் தெறப்பு. பாதை வாய்னு சொல்லுவோம். தாத்தன் காலத்துல இருந்து இருக்கறதுதான். யாரு இல்லைன்னா? நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

கனகு பொண்டாட்டி பேரு தவமணி. எனக்கு ஓரகத்தி. நல்லவதான், நான் ஒண்ணும் பொய் சொல்லமாட்டேன். எனக்கு டைபாய்டு வந்தப்ப அவதான் கஞ்சி வச்சா. ஆனா நல்லவளா இருந்தா மட்டும் பத்துமா, எடம் பொருளு தெரியணும்ல? எம்மகளைப் பொண்ணு பாக்க வந்தாக. மாப்பிள்ளை வீட்டாரு அம்புட்டுப் பேரும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காக. அந்த நேரம் பாத்து மகராசி மாட்டுச் சாணிக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு மேல இருந்து எறங்குறா. எறங்குனவ பேசாமப் போகவேண்டியதுதான? 'வாங்க, எல்லாரும் வாங்க'ன்னு கும்புடுறா. கூடையை ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஒத்தக் கையால கும்புடுறா! சாணித்தண்ணி முழங்கை வழியா ஒழுகுது.

அந்தச் சம்பந்தம் நின்னுபோச்சு. மாப்பிள்ளைக்கு வேற பொண்ணு ஏற்கனவே பேசி வச்சிருந்தாக, அதான் காரணம்னு பின்னாடி ஒருத்தரு சொன்னாரு. சொல்றவுக ஆயிரம் சொல்லுவாக. எம்மக இப்ப இருக்கற எடம் அதைவிட நல்ல எடம், மருமகன் தங்கமான பிள்ளை. அது வேற விசயம். அன்னைக்கு ஒழுகுன சாணித்தண்ணி ஒழுகுனதுதான?

கல்யாணம் முடிஞ்ச கையோட கொத்தனாரைக் கூப்புட்டு பாதை வாயை அடைச்சேன். கல்லுக்கட்டுச் சுவரு, எங்கழுத்து ஒசரம், தண்ணி போற தூம்பைக்கூட விடாம சிமிண்டு வச்சுப் பூசச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு 'வேணாம் அன்னம், வேணாம் அன்னம்'னு பின்னாடியே சுத்துனாரு. அன்னக்கொடிங்கற பேரை அன்னம்னு கூப்பிட்டா நான் எளகிருவேன்னு நெனப்பு. எங்களுக்கு என்ன, வீட்டுக்கு வேற வழி இருக்கு, பள்ளிக்கூடத்துப் பக்கமாச் சுத்திப் போகணும். கொஞ்சம் தூரம்தான், பஸ்ஸைப் புடிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கும், அம்புட்டுத்தான். அவுகளை எங்க வாசல் வழியா விடுவேனா? அவுகளுக்கு மலைமுகட்டைத் தாண்டி அங்கிட்டு எறங்கணும். தவமணி கேஸ் சிலிண்டரைத் தலையில வச்சுக்கிட்டு முகட்டுல ஏறுறதை நானே எங்க வாசல்ல இருந்து பாத்திருக்கேன். பாத்துட்டு உள்ள வந்துருவேன். எதுக்கு நின்னு பாக்கணும்?

அவுக ஒரு வார்த்தை சண்டைக்கு வரல. அதான் எனக்கு இன்னும் எரிச்சலு. சண்டை போட்டா நாலு வார்த்தை கேட்டுட்டு முடிச்சிரலாம். பேசாமப் போறவுகளை என்ன பண்றது?

இந்த மார்கழிப் பாதியில ஒரு நாளு. காலையில கதவைத் தெறக்குறேன், வாசல்ல புல்லு மேலயெல்லாம் உப்பைக் கொட்டி வச்ச மாதிரி வெள்ளையாக் கெடக்கு. கால வச்சா அப்பளம் மாதிரி நொறுங்குது. பூம்பாறை, மன்னவனூரு பக்கமெல்லாம் உறைபனி விழுகும்னு கேள்விப்பட்டிருக்கேன். எங்க ஊரு எறக்கத்துல இருக்கு, எங்களுக்குப் பனின்னா மூக்கு ஒழுகும், அதுக்கு மேல தெரியாது. எனக்கு அழகாத்தான் தெரிஞ்சுச்சு. காப்பியைக் குடிச்சுக்கிட்டே நின்னு பாத்தேன், பொய் சொல்லக்கூடாது.

வெயிலு ஏறுச்சு. ஏற ஏற தோட்டம் கருக்குது தாயி. வாழை இலை கொதிக்கிற தண்ணியை மேல ஊத்தின மாதிரி தொவண்டு தொங்குது. கீரை வேகுற வாடை அடிக்குது தோட்டம் முழுக்க. வெண்ணெய்ப்பழ மரத்துல ஒரு இலை பச்சை இல்ல, பூ எடுக்க இருந்த கொப்பெல்லாம் கரிக்கட்டையாட்டம் நிக்குது. தலையை நிமித்தி மேல பாக்குறேன். மேலத்தோட்டம் பச்சைப் பசேல்னு சிரிக்குது.

நீயே சொல்லு, உனக்கு என்ன தோணும்? மருந்தடிச்சுட்டான்னுதான தோணும்? களைக்கொல்லி அடிச்சா அப்படித்தான கருகும்? நான் தோட்டத்து வழியா மேல ஓடுனேன். அவுக எல்லையில போயி நின்னேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, குனிஞ்சு ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்துனேன். 'எம்மரத்தைக் கருக்குனவ வம்சம் இந்த மண்ணாப் போகணும்'னு அடிவயித்துல இருந்து கத்துனேன். மண்ணு வாரித் தூத்துனா என்னன்னு உனக்குத் தெரியுமா? எங்க பக்கத்துல பகையாளிகூட அவ்வளவு லேசுல செய்யமாட்டான். அன்னைக்கு எனக்கு அவ்வளவு வேகம்.

தவமணி பால் சொம்போட நிக்கிறா. தலையெல்லாம் நான் வீசுன மண்ணு. 'அக்கா, என்னாச்சுக்கா?'ன்னு கேட்டுட்டு என் பின்னாடி எட்டிப் பாத்தா. பாத்ததுதான் தாமசம், சொம்பைக் கீழ வச்சுட்டு எங்க தோட்டத்துக்குள்ள ஓடுறா. ஒவ்வொரு மரமாத் தொட்டுத் தொட்டு 'ஐயோ, ஐயோ'ங்குறா. கெணத்தடி மரத்துக்கிட்ட போயி உக்காந்து அழுகுறா. என்ன நடிப்புங்கறே! சொந்த மரம் மாதிரி அழுகுறா.

கனகு வந்து ஒரு இலையைக் கிள்ளி மோந்து பாத்தான். 'மதினி, இது மருந்து இல்ல. பனி'ன்னான். நான் விடுவேனா? 'பனின்னா உன் தோட்டம் வானத்துக்குக் கிட்ட இருக்கு, உனக்குத்தான மொதல்ல விழணும்? எனக்கு மட்டும் எப்படிடா விழுந்துச்சு?'ன்னு கேட்டேன். வாயடைச்சுப் போயி நிப்பான்னு பாத்தா, பதில் வச்சிருக்கான். 'மதினி, குளுந்த காத்து தண்ணி மாதிரி. மேட்டுல நிக்காது, எறங்கிப் பள்ளத்துக்குத்தான் வரும். இத்தனை வருசம் பாதை வாய் வழியா வெளியேறி ஓடைக்குப் போயிருக்கும். இப்ப போக வழியில்லாம இங்கயே தேங்கி நின்னுருச்சு. அந்தச் சுவத்துல ஒரு வாய் மட்டும் விடுங்க, மாசி முடியிற வரைக்கும் பயம் இருக்கு'ன்னான்.

பாத்தியா? பாத்தியா தாயி? என் வீட்டுல எழவு விழுந்து கெடக்கு, இவன் அதுலயும் பாதை கேக்குறான்! பாதை வேணும்னா பாதை வேணும்னு கேளு, அதுக்கு எதுக்குக் காத்து, தண்ணின்னு கதை? காத்துக்கு வாசல் வைக்கணுமாம். 'உம் பொண்டாட்டி சிலிண்டரு தூக்குறது வலிக்குதுன்னு நேராச் சொல்லுடா'ன்னேன். மறுநாளு முகட்டைத் தாண்டிப் போயி ஒரு மூட்டைச் சாக்கும் சுண்ணாம்பும் வாங்கியாந்து எங்க வாசல்ல வச்சுட்டுப் போயிட்டான்.

எங்க வீட்டுக்காரரு அதை எடுத்து வச்சுக்கிட்டு வைத்தியம் பாக்க ஆரம்பிச்சாரு. என்ன வைத்தியம்? ஒண்ணும் பண்ணாம இருக்கற வைத்தியம். நகத்தால பட்டையைக் கீறிப் பாப்பாரு. உள்ள பச்சை தெரிஞ்சா, 'உசுரு இருக்கு அன்னம், தொடாத'ம்பாரு. இலை இல்லாத மரத்துல வெயிலு நேராப் பட்டா பட்டை வெடிச்சிருமாம், சுண்ணாம்பு அடிச்சாரு. தூருல சருகு போட்டாரு. சாயங்காலமானா தண்டுல சாக்கைக் கட்டுவாரு, காலையில அவுப்பாரு. 'கருகுன கொப்பை வெட்டாத, அது எந்த எடம் வரைக்கும் செத்திருக்குன்னு மரமே காட்டும். பங்குனி மழை வரட்டும். உரம் போட்டுறாத, தூங்குறவளை எழுப்பாத.' இதையே தெனமும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு.

ஆனா தெனமும் அதைப் பாத்துக்கிட்டு எந்திரிக்கிறது யாரு? நானு. வாசலைத் தெறந்தா பட்ட மரம் வரிசையா நிக்குது. ரோட்டுல போற வர்றவுக எட்டிப் பாத்து உச்சுக்கொட்டுறாக. பொங்கலுக்கு முந்தியாவது அதுகளை ஒழுங்குபடுத்தலைன்னா வீட்டுல வெளக்கு ஏத்த மனசு வருமா? அவரு ஒரு துட்டி வீட்டுக்கு, சாவு கேக்கப் போயிருந்தாரு. நான் அருவாளை எடுத்தேன். கெணத்தடி மரத்துல தொடங்கி, ரோட்டுப் பக்கத்து மரம் அம்புட்டையும் மொட்டை தட்டிட்டேன். அவரு வந்து கையைப் புடிச்சிட்டாரு, இல்லைன்னா அந்தக் கோடி மரத்தையும் முடிச்சிருப்பேன். பொங்கலன்னைக்குத் தவமணி சர்க்கரைப் பொங்கலு குடுத்துவிட்டிருந்தா. நான் மாட்டுக்கு வச்சிட்டேன். ஒரு வாயி மட்டும் போட்டுப் பாத்தேன், வெல்லம் தூக்கலா இருந்துச்சு.

வெட்டுன மரத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டேன், கெணத்துல இருந்து தண்ணியைத் தெறந்துவிட்டேன். காச்சக்காரனைப் பட்டினி போட்டா எந்திரிப்பானா? தின்னாத்தான எந்திரிப்பான்? நான் நெனச்ச மாதிரியே தளிரு வந்துச்சு தாயி! மொட்டு மொட்டா, செப்புக் கலர்ல, பிள்ளையோட காது மடலு மாதிரி. அவரு சாக்குக் கட்டுன மரம் அங்கிட்டுக் கட்டையா நிக்குது, எம்மரம் இங்கிட்டுத் தளதளன்னு நிக்குது. 'வந்து பாரும், தூங்குறவளை எழுப்புனா என்ன ஆகும்னு வந்து பாரும்'னு கையைப் புடிச்சு இழுத்தாந்து காட்டுனேன். பாத்தாரு. சந்தோசப்படவேண்டியதுதான? மேகம் இல்லாத வானத்தைப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு.

மேல இருந்து தவமணியும் பாத்தா. 'எம்புட்டு இளசா இருக்குக்கா'ன்னு அங்க இருந்தே சொன்னா. அந்த ஒரு வார்த்தைதான். கண்ணு வைக்கிறதுன்னா வேற என்ன?

மாசி பொறந்து போன வாரம் மறுபடியும் விழுந்துச்சு. மொதல்ல விழுந்ததைவிடக் கம்மிதான். ஆனா எந்தளிரு அம்புட்டும் கருகி, கையில எடுத்தா சாம்பலா உதிருது. கோடியில அவரு கட்டி வச்ச மரத்துக்கு ஒண்ணும் ஆகல. அதுல தளிரே இல்லையே, எதைக் கருக்கும்? இப்ப அதுல கணுக்கணுவா மொட்டு முட்டிக்கிட்டு நிக்குது. அதுக அவ கண்ணுக்கு மறைவா கோடியில நிக்குதுக, அதான் தப்பிச்சுச்சு. இதைச் சொன்னா எங்க வீட்டுக்காரரு என்னைப் பாத்த பார்வை இருக்கே, எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படி ஒரு பார்வை பாத்ததில்ல. கோவம்னாக்கூடப் பரவாயில்ல. அலுத்துப்போன பார்வை.

முந்தாநாளு காலையில கடப்பாரையை எடுத்துக்கிட்டு நேரா பாதை வாய்க்குப் போனாரு. நான் ஓடிப்போயி சுவத்துல முதுகை வச்சு நின்னுக்கிட்டேன். 'இதை இடிச்சா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்'னேன். அவரு கடப்பாரையைக் கீழ ஊனுனாரு. அப்பறம் சொல்றாரு, 'அன்னைக்குப் பங்கு எடுக்கும்போது கனகு மேலத்தோட்டத்தை ஏன் எடுத்தான்னு உனக்குத் தெரியுமா? நான் கீழத்தோட்டத்தையே பாத்துக்கிட்டு நின்னேன் அன்னம். அவன் எம்மூஞ்சியைப் பாத்தான். பாத்துட்டுத்தான் எடுத்தான். இத்தனை வருசமா நான் அவன் மூஞ்சியை நேராப் பாக்கல. நீ தள்ளு'ன்னாரு.

எப்படி மயக்கி வச்சிருக்கான் பாத்தியா அண்ணனை! ஏன் நகந்தேன்னு எனக்கே தெரியல. நகந்துட்டேன். அவரு இடிச்சாரு. கல்லு விழுகுற சத்தம் கேட்டு மேல இருந்து ஒருத்தரும் எறங்கி வரல. வந்து ஒரு சிரிப்புச் சிரிச்சிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னைக்குக் காலையில பையைக் கட்டுனேன். 'நான் கெளம்புறேன், இனி உங்ககூடப் பேச்சே கெடையாது'ன்னேன். இந்த மனுசன் கெணத்தடியில கொய்யா மரத்துக்குச் சாக்குக் கட்டிக்கிட்டு இருக்காரு. போகாதங்கணும், இல்ல போய்த் தொலைங்கணும். ரெண்டும் இல்ல. 'அந்தக் கயித்தை எடுத்துக் குடுத்துட்டுப் போ'ங்குறாரு! நீ சிரிக்கிற. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

எடுத்துக் குடுத்தேன். ஒத்தையாளு கட்டுனா கீழ நழுவிக்கிட்டே வருது. அதைப் பாத்துக்கிட்டு எப்படிப் போறது? பையைக் கீழ வச்சுட்டு, உக்காந்து அடிச்சாக்கை இழுத்துப் புடிச்சேன். அவரு சாக்கைப் பாத்துப் பேசுற மாதிரி சொல்றாரு, 'அந்தக் கெணத்தடி மரம் போச்சு. மேல கீறிப் பாத்தேன், முழுக்கக் காஞ்சிருச்சு. மத்தியானம் கனகு வர்றான், ரெண்டு பேருமாத் தோண்டி எடுத்துட்டு மழைக்கு அந்தக் குழியில புதுக்கன்னு வச்சிருவோம்.' எம்மரத்தை. நான் கொட்டை போட்டது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

நான் அந்த மரத்து மேலதான் முதுகைச் சாச்சு உக்காந்திருந்தேன். அவரு முடிச்சுப் போடுற வரைக்கும் சும்மா இருக்குதா இந்தக் கை? பின்னாடி தூரு பக்கம், மண்ணுக்கு மேல ஒரு சாணு ஒசரத்துல, நகத்தால பட்டையைச் சொரண்டிக்கிட்டே இருந்திருக்கேன். எந்திரிக்கும்போது பாத்தேன். பச்சை. நல்ல ஈரப்பச்சை தாயி. மேல செத்துருச்சு, அடியில இருக்கு.

நான் சொல்லல. ஏன் சொல்லணும்? பேச்சே கெடையாதுன்னு சொன்னவ அடுத்த நிமிசமே பேசுனா என்ன மதிப்பு இருக்கு? பையைத் தூக்கினேன், பஸ்ஸு ஹாரன் கேட்டுருச்சு. பள்ளிக்கூடத்தைச் சுத்திப் போனா பஸ்ஸு போயிரும். அந்த இடிச்ச வாய் வழியாத்தான் வந்தேன். அவசரத்துக்கு வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

நீ என்ன ஒண்ணுமே சொல்லமாட்டேங்குற? நாயம் கேட்டா இந்தக் காலத்துல யாரும் வாயைத் தெறக்குறதில்ல. சரி விடு. மணி என்ன இப்ப? பன்னெண்டு தாண்டிருச்சா? இந்த வண்டி அங்கங்க நின்னு நின்னுல்ல வருது. இந்நேரம் கனகு எறங்கி வந்திருப்பான். அவன் கடப்பாரை போட்டா ஒரே போடா வேரைப் பெயத்துருவான், அப்படி ஆளு.

எல்லாரும் சேந்து அது செத்துப்போச்சுங்குறாக. அது சாகல. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு நான் இங்க உக்காந்து உங்கிட்ட கதை பேசிக்கிட்டு இருக்கேன்.

தாயி, உன் போனுல சிக்னலு இருக்கா? கீழ எறங்குனா வந்துரும்பாகளே. வந்துருச்சா? ஒரு போனு போடேன். எங்கிட்டக் குடுக்காத, நீயே பேசு. நான் பேசுறதாயில்ல.

எங்க வீட்டுக்காரருகிட்ட போனு கெடையாது, காதுல வச்சா எரையுதுன்னு மககிட்டயே குடுத்துட்டாரு. கொழுந்தன் வீட்டு நம்பருக்குத்தான் போடணும். சொல்றேன், நீ அழுத்து. பாக்க வேணாம், மனப்பாடமாத் தெரியும். ஏன் தெரியாது? அந்தப் போனு வாங்குன அன்னைக்கு அவ ஓடியாந்து மொத நம்பரை எனக்குத்தான் சொன்னா.

அடிக்குதா? எடுத்தாச்சா? பொம்பளக் குரலா? அவதான். சொல்லு, கெணத்தடி மரத்தைத் தோண்ட வேணாம், தூருல பச்சை இருக்கு, கீழ கீறிப் பாக்கச் சொல்லு. அம்புட்டுத்தான். யாருன்னு கேட்டா வழியில போறவன்னு சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லிராத.

என்ன சொல்றா? ஒண்ணும் சொல்லலையா? வச்சுட்டாளா? வைக்கலையா? அது என்ன சத்தம், மூச்சு வாங்குற மாதிரி? ஓடுறாளா? போனைப் புடிச்சுக்கிட்டேவா ஓடுறா? மெதுவாப் போகச் சொல்லு தாயி, அந்த எறக்கத்துல கல்லு பெரட்டிவிடும், அவளுக்கு ஏற்கனவே முழங்காலு சரியில்ல. மாமா, மாமான்னு எங்க வீட்டுக்காரரைக் கத்திக் கூப்புடுறாளா? என் காதுக்கே கேக்குது.

நிறுத்திட்டாகளா? கீறிப் பாத்தாகளா? என்ன சொல்றாக? இருக்கா? இருக்குன்னு சொன்னாரா?

சரி. சரி தாயி. வச்சிரு, உன் காசு எதுக்குப் போகணும். வச்சிரு. என்ன? இன்னும் பேசுறாளா? என்ன கேக்குறா?

அக்கா சாப்புட்டாங்களான்னா கேக்குறா?

சாப்புடலைன்னு சொல்லு.